அத்தா தட்டிப் பார்த்த வார்த்தைகள்

இறந்துபோன என் தோழிக்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடித்த அடுத்த சனிக்கிழமை, அவளுடைய அப்பா சரவணம்பட்டியில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கல்லூரி நாட்களிலிருந்தே அவளைப் போல நானும் அவரை அத்தா என்றுதான் கூப்பிடுவேன். கோட்டைமேட்டில் வீடு. ஒப்பணக்காரத் தெருவை ஒட்டிய சந்தில் கடை. பவானி ஜமக்காளம், ஈரோட்டு லுங்கி, துண்டு என்று மொத்த வியாபாரம். மகள் வேலை செய்த இடத்தை அதுவரை அவர் பார்த்ததே இல்லை.

மூன்று மாடி ஏறி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"லிஃப்ட் இருக்குங்களே அத்தா."

"அவ எதுலம்மா வருவா?"

"படியிலதான்."

"அதான்" என்றார்.

எங்கள் அலுவலகம் ஒரே ஒரு அறை. இரண்டு மேசைகள். அவளுடைய நாற்காலி எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொண்டுவந்த பையிலிருந்து ஒரு பொட்டலம் வர்க்கியை எடுத்து என் மேசையில் வைத்தார். அப்புறம்தான் வந்த காரியத்தைச் சொன்னார்.

"அவ தெனமும் போன்ல பேசிப் பேசி உங்க கம்ப்யூட்டர்ல சேத்து வெப்பான்னு அவங்கம்மாகிட்டச் சொன்னியாம்மா. அதுல ஒண்ணு, எதாவது ஒண்ணு, எனக்குப் போட்டுக் காட்டு கண்ணு. என்ன பேசியிருந்தாலும் பரவால்ல. கொரல் கேட்டாப் போதும்."

அவருக்கு நான் சொல்ல வேண்டியிருந்த பதில், அவர் மகள் எழுதி வைத்த பதில். அதனால் அவளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியில் கணினி படித்தோம். படிப்பு முடிந்ததும் நான் ஒரு பெரிய கம்பெனிக்குப் போனேன். அவள் பீளமேட்டில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தாள். சில வருடம் கழித்து அவளுக்கு உடுமலையிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் நல்ல மாதிரி. இரண்டு வீட்டாரும் பேசி, பால் சர்க்கரை கொடுத்து, தேதியும் குறித்துவிட்டார்கள். பிறகு ஒருநாள் அங்கிருந்து ஒரு போன் வந்தது. அவள் வயிற்றை ஸ்கேன் எடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்தோம், கர்ப்பப்பையில் ஏதோ கட்டி என்று இருக்கிறதாமே, எங்களுக்கு ஒரே பையன் என்றார்கள். சினைப்பையில் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள், அவ்வளவுதான். எத்தனையோ பெண்களுக்கு இருப்பது. எனக்கும் உண்டு. கல்யாணம் நின்றுபோனது.

ரிப்போர்ட் எப்படி அங்கே போனது என்று வீட்டில் ஆளுக்கு ஆள் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தபோது, அவள் என்னைத் தன் மடிக்கணினி முன்னால் உட்கார வைத்தாள். அந்த ஸ்கேன் நிலையத்தின் வலைத்தளத்தில் தன் ரிப்போர்ட்டைத் திறந்தாள். மேலே முகவரியின் கடைசியில் ஒரு எண் இருந்தது. அதில் ஒன்றைக் கூட்டி என்டரைத் தட்டினாள். வேறொரு பெண்ணின் ரிப்போர்ட் வந்தது. பெயர், வயது, வீட்டு முகவரி, எல்லாம். இன்னும் ஒன்றைக் கூட்டினாள். இன்னொரு பெண்.

"பாத்தியா? ஒரு நம்பர மாத்துனா ஒரு பொம்பளை" என்றாள்.

அவள் அழுது நான் பார்க்கவில்லை. அந்த நிலையத்துக்கு விவரமாக எழுதினாள். கொஞ்ச நாளில் அவர்கள் அவளுடைய ரிப்போர்ட்டின் எண்ணை மட்டும் மாற்றிவிட்டு, மற்றதை அப்படியே விட்டுவிட்டார்கள். அவள் வேலையை விட்டாள். அடுத்த வருடம் என்னையும் விட வைத்தாள்.

அப்படி ஆரம்பித்ததுதான் எங்கள் தளம். மருத்துவ ரிப்போர்ட்டுகள், ஸ்கேன் படங்கள், டாக்டரிடம் கேட்க நினைப்பவை, வாயால் பேசிப் பதிந்து வைப்பவை என்று வீட்டில் உள்ளவர்கள் பத்திரமாகச் சேர்த்து வைக்க ஓர் இடம். மற்ற தளங்களும் இதைச் செய்யும். ஆனால் அவள் ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தாள். எதுவாக இருந்தாலும் அது அவரவர் போனிலோ கம்ப்யூட்டரிலோ பூட்டப்பட்ட பிறகுதான் எங்களிடம் வர வேண்டும். பாஸ்வேர்ட் அவர்கள் கையை விட்டு வெளியே வரவே கூடாது. எங்கள் சர்வரில் இருப்பது அர்த்தமில்லாத எழுத்துக் குவியலாக மட்டுமே இருக்கும். யாராவது திருடினாலும் அதுதான் கிடைக்கும். நாங்களே திறந்து பார்த்தாலும் அதுதான்.

"அப்ப நம்மளாலயும் பாக்க முடியாதா?" என்று கேட்டேன்.

"முடியக் கூடாதுடி."

"பாஸ்வேர்ட மறந்துட்டா?"

"போச்சு."

"இப்படிச் சொன்னா யாருடி வருவாங்க?"

"நான் வருவேன்" என்றாள்.

வந்தாள். தளத்தின் முதல் கணக்கு அவளுடையது. சாயந்திரம் வேலை முடிந்ததும் மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்று, போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து ஏதோ பேசுவாள். சில நாள் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவாள். இறங்கி வந்து, "இன்னிக்கு டெஸ்டிங் முடிஞ்சுது" என்பாள். சோதனைக்காக ஆரம்பித்த பழக்கம்தான். ஆனால் சோதனைகள் முடிந்த பிறகும் அவள் மாடிக்குப் போவது நிற்கவில்லை. என்ன பேசுகிறாய் என்று நான் கேட்டதில்லை.

பாஸ்வேர்டை மறந்தவர்களுக்காக ஒரு வழி வேண்டும் என்று நான் சண்டை போட்டு ஒன்றைச் சேர்த்தேன். விரும்பினால், மாற்றுச் சாவி ஒன்றை அச்செடுத்துத் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். பலர் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அவள் தன் கணக்குக்கு அதை வாங்கவில்லை.

வாங்காதவர்கள் போன் செய்வார்கள். கோபிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், "ஏனுங்க அம்மணி, நீங்க செஞ்ச பூட்டுத்தானுங்களே, உங்களுக்குத் தொறக்கத் தெரியாதுங்களா?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அந்த மாதிரி போன்களை நான் அவளிடம் கொடுத்துவிடுவேன். அவள் அவர்களிடம் நிதானமாகப் பேசுவாள். சில பேர் திட்டுவார்கள். திட்டி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பாள்.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, "மூணு நாள்ல வந்துருவேன், பேக்கப் மட்டும் பாத்துக்க" என்று எனக்கு எழுதினாள். இரண்டாம் நாள் நான் போய்ப் பார்த்தபோது உட்கார்ந்து சாத்துக்குடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டணுக்கள் குறைகின்றன என்று டாக்டர் சொன்னதை வேறு யாருக்கோ வந்த சங்கதி மாதிரிச் சொன்னாள். ஐந்தாம் நாள் காலையில் அவள் இல்லை.

அத்தாவிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்த வகையில் சொன்னேன். பதிவுகள் இருக்கின்றன. எங்களிடம்தான் இருக்கின்றன. ஆனால் திறக்க முடியாது.

"அவ பாஸ்வேர்டு உனக்குத் தெரியாதாம்மா?"

"தெரியாதுங்கத்தா."

"உனக்கு அனுப்புன வாய்ஸ் மெசேஜ் எதாச்சும்?"

அதிலும் அவள் அப்படித்தான். அனுப்புகிற எல்லாச் செய்திகளும் ஒரு நாளில் தானாக அழிந்துபோகும்படி வைத்திருந்தாள். என் போனைத் துழாவி முடித்துவிட்டேன். அவள் தோள் மட்டும் தெரிகிற ஒன்றிரண்டு படங்கள் கிடைத்தன, குரல் எதிலும் இல்லை. அத்தாவின் பழைய போன் அவள் போன நாளின் குழப்பத்தில் ஆஸ்பத்திரியிலேயே எங்கோ தொலைந்துவிட்டிருந்தது. அவளுடைய போனையும் யாராலும் திறக்க முடியவில்லை.

அவர் என் திரையின் பக்கம் திரும்பினார். பிறகு, "அங்க என்னதான் தெரியுது, அதையாவது காட்டும்மா" என்றார்.

காட்டினேன். எங்களுக்குத் தெரிவது, ஒரு பதிவு எப்போது வந்தது, எவ்வளவு பெரியது என்பது மட்டும்தான். வரிசையாகச் சாயந்திர நேரங்கள். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே கீழே வந்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"இது ஆஸ்பத்திரியில இருந்தப்பவா?"

"ஆமாங்கத்தா. ரெண்டாம் நாள் சாயந்தரம்."

"சின்னதா, பெருசா?"

"கொஞ்சம் நீளந்தான்."

"அன்னிக்குச் சாயந்தரம் நான்தான் அங்க இருந்தேன். கடையச் சாத்திப்போட்டு வாரேன், நீ தூங்கு கண்ணுன்னு சொல்லீட்டுப் போனேன். அப்புறமாப் பேசியிருக்கா" என்றார். வெளியே சத்தி ரோட்டில் பஸ்கள் ஒலியெழுப்பிக்கொண்டிருந்தன. அவர் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாமாகவே முயன்று பார்க்கலாமா என்று கேட்டார். பாஸ்வேர்டாக ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு வார்த்தைகளை வைக்கச் சொல்லி எல்லோருக்கும் அவள் சொல்வாள், அதை ஊகிப்பது நடக்கிற காரியமில்லை என்றேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. "நாலு வார்த்தைதானே" என்று மட்டும் சொன்னார். அப்போதுதான் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும், மதியத் தொழுகை முடிந்ததும் வந்துவிடுவார். ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டுவார். முதல் வாரம் அவள் வளர்த்த பூனையின் பெயர், அவள் படித்த பள்ளி, அவர்கள் தெரு, அவளுடைய அம்மா. என்டரைத் தட்டியதும் திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஏம்மா இத்தன நேரம்?"

"அவதான் அத்தா அப்படி வெச்சிருக்கா. திருடறவன் ஆயிரக்கணக்குல தட்டிப் பாப்பான். ஒவ்வொண்ணுக்கும் இவ்வளவு நேரம் ஆனா அவன் சலிச்சுப் போயிருவான்னு."

"கெட்டிக்காரி" என்றார். வட்டம் நின்றது. தவறான பாஸ்வேர்ட் என்று வந்தது. அவர் மறுபடி முதல் எழுத்தைத் தேட ஆரம்பித்தார்.

வட்டம் சுற்றுகிற அந்த நேரத்தில்தான் அவர் பேசுவார். ஏன் அந்த வார்த்தையைத் தேர்ந்தெடுத்தார் என்று சொல்வார். ஒருமுறை 'மழை' என்று போட்டார். அவள் பிறந்த அன்று அப்படி ஒரு மழையாம், கடைக்குள் தண்ணீர் வந்து ஜமக்காளக் கட்டுகளைப் பரண்மேல் தூக்கிப் போட்டுவிட்டு, முழங்கால்வரை நனைந்தபடியே பிரசவ வார்டுக்கு ஓடினாராம். ஒருமுறை 'முறுக்கு'. நோன்புக் காலத்தில் சின்ன வயதில் திருட்டுத்தனமாக அவள் சாப்பிட்டது. எனக்குத் தெரிந்த அவள் ஒருத்தி. அவர் சொன்னது இன்னொருத்தியை. பல சனிக்கிழமைகளில் நான் என் வேலையை ஓரமாக வைத்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இவர் தட்டுவதில் ஒன்று திறந்துவிடும் என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறை வட்டம் சுற்றும்போதும் என் கண் திரையை விட்டு நகராது.

பங்குனி வெயில் ஏறிவிட்ட ஒரு சனிக்கிழமை. அவர் வந்ததிலிருந்தே சரியாகப் பேசவில்லை. நான் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்தார். முதல் வார்த்தையைத் தட்டினார். உடுமலை. நான் நிமிர்ந்து பார்த்தேன். இரண்டாவது, கல்யாணம். மூன்றாவது, ஸ்கேன். நான்காவதாக ஒரு பெயரை மெதுவாகத் தட்டினார். அந்தப் பையனுடைய பெயர். அந்தச் சம்பந்தம் நின்றுபோனதிலிருந்து அந்த வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. அத்தாவுக்கு அது நினைவிருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

விரல் என்டருக்கு மேலே போய் நின்றது. நின்றபடியே இருந்தது.

"பாஸ்வேர்ட தெனமும் போடோணுமில்லம்மா?"

"ஆமாங்கத்தா. ஒவ்வொரு தடவ உள்ள போறப்பவும்."

"அப்ப இதுல தொறந்துக்குச்சுன்னா, தெனமும் இதைத்தான் அவ கையால எழுதிட்டு இருந்தான்னு ஆயிருமில்ல?"

நான் என் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"சம்பந்தம் வேண்டாம்னு அவங்க சொன்ன அன்னிக்கு நான் அவகிட்ட ஒண்ணுமே பேசலம்மா. என்ன பேசறதுன்னு தெரியல. சாப்பாட்டு நேரத்துல, மீன் நல்லா இருக்குன்னு சொன்னேன். அவளும் ஆமாத்தான்னு சொன்னா. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சுப்போட்டேன்."

அழிக்கும் பொத்தானைத் தேடினார். எது என்று காட்டினேன். அழுத்திப் பிடித்தால் மொத்தமும் போய்விடும் என்று அவருக்குத் தெரியாது. ஒவ்வோர் எழுத்தாகத் தட்டித் தட்டி அழித்தார். நானும் சொல்லவில்லை. கட்டம் காலியானதும் எழுந்து நாற்காலியை மேசைக்கடியில் தள்ளினார்.

"அவ யாருக்கும் தெரிய வேண்டாம்னுதான் இத்தனையும் செஞ்சா. 'யாருக்கும்'ல நானும் இருக்கேன் போல. இனி வரமாட்டேன் கண்ணு. நீ ஊட்டுக்கு வா" என்றார்.

அன்று அவரைக் கீழே ஆட்டோ வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். படியில்தான் இறங்கினோம்.

அதற்குப் பிறகு ஒருநாள், தளத்தின் உதவிப் பக்கத்தைப் புதுப்பிக்கிற வேலைக்காகப் பழைய கோப்புகளைத் திறந்தேன். அவற்றுள் ஒரு காணொளி இருந்தது. நாங்கள் வெளியிடாமலேயே விட்டது. பாஸ்வேர்டை மறந்து போன் செய்கிறவர்களுக்காக அவள் பேசிப் பதிந்தது. அவள் முகம் இல்லை. திரையில் எங்கள் தளம், பின்னால் அவள் குரல்.

"வணக்கமுங்க. பாஸ்வேர்ட் மறந்து போச்சுங்களா? ரொம்ப வருத்தமா இருக்குங்க. நீங்க வெச்சது எங்ககிட்டப் பத்திரமா இருக்குதுங்க, ஆனா எங்களால அதைப் பாக்க முடியாதுங்க. பாக்க வேண்டாம்னுதானுங்க இப்படிச் செஞ்சோம்." அந்த இடத்தில் தொண்டையைச் செருமிவிட்டு, "ஐயோ, இது வேண்டாம், திருப்பி எடுத்துக்கறேன்" என்று சிரித்திருந்தாள். அதனால்தான் வெளியிடவில்லை.

ஒரு நிமிடம்கூட வராது. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டேன். இதை அந்த வீட்டுக்கு அனுப்பலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இந்த வார்த்தைகளையா அவர் கேட்க வேண்டும்? கடைசியில் அத்தாவின் புதுப் போனுக்கு அனுப்பினேன். அன்று பதில் இல்லை. மறுநாள் காலையில் கூப்பிட்டார்.

"செருமறா பாரு, சின்னப் பிள்ளையில இருந்தே அப்படித்தான்" என்றார். போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

அவள் எழுதிய விதி இன்னொன்று உண்டு. ஒரு கணக்கை நெடுங்காலம் யாரும் திறக்காவிட்டால், முன்னறிவிப்பு அனுப்பிவிட்டு, அதில் உள்ள எல்லாவற்றையும் அமைப்பு அழித்துவிடும். கேட்பாரற்றுக் கிடப்பது என்றாவது யார் கையிலாவது சிக்கும் என்பாள். அவளுடைய கணக்குக்கும் அந்த முறை வந்தது. நான் நினைத்தால் அந்த ஒன்றுக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம். அத்தாவிடம் கேட்டேன்.

"எல்லாருக்கும் அதே சட்டந்தானா?"

"ஆமாங்கத்தா."

"அவ எழுதுனதா?"

"ஆமாங்க."

"அப்ப அப்படியே உட்ரும்மா" என்றார். அழிக்க வேண்டாம் என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்று நான் காத்திருந்தேன்.

அது ஒரு புதன்கிழமை காலையில் நடந்தது. நான் அப்போது ஒரு வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தேன். பேசி முடித்துப் பார்த்தபோது பட்டியலின் முதல் வரியில் வேறு யாருடைய கணக்கோ இருந்தது.

மதியம் அலுவலகத்தைப் பூட்டிவிட்டுக் கோட்டைமேட்டுக்குப் போனேன். அத்தா கடையில் இருந்தார். வீட்டில் அவளுடைய அம்மா மட்டும். இத்தனை மாதத்தில் அவர்கள் என்னிடம் பாஸ்வேர்டு பற்றியோ பதிவுகள் பற்றியோ ஒரு வார்த்தை கேட்டதில்லை. அத்தா அலுவலகத்துக்கு வந்துபோனதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். கேட்கவில்லை. அன்றும் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, எதிரில் உட்கார்ந்தார்கள். நான் சாப்பிடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.

"ஆபீசுல அவ எப்படி கண்ணு இருப்பா? இங்க வந்தா அலுப்பா இருக்குன்னு போய்ப் படுத்துக்குவா. அங்க சிரிப்பாளா?"

"சிரிப்பாங்கம்மா."

"எதுக்குச் சிரிப்பா?"

நான் ஊரிலிருந்து கொண்டுவரும் கம்பங்கூழை அவள் முதன்முதலாகக் குடித்த நாளைச் சொன்னேன். காரமாக இருக்கும் என்று நான் சொல்லாமல் விட்ட மோர் மிளகாயை அவள் முழுசாகக் கடித்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழிய, ஒரு வாடிக்கையாளரோடு கணீரென்று பேசி முடித்ததைச் சொன்னேன். அந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு நடுவிலேயே நின்றது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றை வைத்தார்கள்.

"அப்புறம்?" என்றார்கள்.